அம்மோனியாவின் அணுக்கட்டமைப்பு: டால்ட்டனின் எளிமை விதியும் அவகாட்ரோவின் கருதுகோளும்

இன்று பள்ளி மாணவரும் தயங்காது எழுதும் அம்மோனியாவின் வாய்பாடு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதி முழுவதும் முடிவுறாச் சிக்கலாகவே இருந்தது. அச்சிக்கல் சோதனைக் குறைபாட்டால் எழுந்ததா, கோட்பாட்டு முன்முடிவால் எழுந்ததா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஜோசப் பிரீஸ்ட்லி நவச்சாரத்தையும் சுண்ணாம்பையும் சேர்த்துச் சூடாக்கி, வெளிவந்த வளியைப் பாதரசத்தின் மேல் சேகரித்துக் 'காரக் காற்று' எனப் பெயரிட்டார். நீரின் மேல் சேகரிக்க முயன்றிருப்பின் அது கரைந்து மறைந்திருக்கும். 1785இல் பெர்த்தொலே அவ்வளி நைட்ரஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்தது எனக் காட்டினார். அதில் ஆக்சிஜனும் உண்டு என டேவி பின்னர் வாதிட்டது தனிக்கதை.

எஞ்சிய வினா, எத்தனை அணுக்கள் என்பதே. இரு தனிமங்களிடையே ஒரே சேர்மம் மட்டும் அறியப்பட்டிருப்பின், அதனை ஒன்றுக்கொன்று என்ற அளவில் அமைந்ததாகக் கொள்ள வேண்டும் என்பது டால்ட்டனின் விதி. அம்மோனியாவில் நைட்ரஜனும் ஹைட்ரஜனும் நிறையளவில் 14க்கு 3 என உள்ளன. ஒன்றுக்கொன்று எனக் கொண்டால் நைட்ரஜனின் அணு எடை 4.67 ஆகும், டால்ட்டனின் 1808ஆம் ஆண்டு நூலில் அது 5. ஆகவே பிழையின் வேர் தராசில் இல்லை, விதியில்தான் உள்ளது.

கே-லுசாக்கின் பருமன் விதியோ வேறொன்றைக் காட்டியது. ஒரு பங்கு நைட்ரஜனும் மூன்று பங்கு ஹைட்ரஜனும் சேர்ந்து இரு பங்கு அம்மோனியா தருகின்றன. சம பருமனில் சம எண்ணிக்கையில் துகள்கள் உள்ளன எனின், ஒரு நைட்ரஜன் துகள் இரு அம்மோனியாத் துகள்களுக்குப் பகிரப்பட வேண்டும். பிளக்க முடியாத அணு எவ்வாறு பிளவுறும்? டால்ட்டனால் இதனை ஏற்க இயலவில்லை. 1811இல் அவகாட்ரோ அளித்த விடை துணிவானது: பிளவுறுவது அணுவன்று, மூலக்கூறு. அரை மூலக்கூறு நைட்ரஜனும் ஒன்றரை மூலக்கூறு ஹைட்ரஜனும் சேர்ந்தே ஓர் அம்மோனியா மூலக்கூறு உருவாகிறது. நைட்ரஜனின் எடை 14 என்பது இதிலிருந்து தானே பெறப்படும். எனினும் 1858இல் கன்னிஸாரோ எடுத்துரைக்கும் வரை இக்கருத்து பெரும்பாலும் கவனம் பெறவில்லை.

வாய்பாடு எண்ணிக்கையைத் தந்ததேயன்றிப் பிணைப்பின் இயல்பைத் தரவில்லை. அதற்கு 1916இல் லூயிஸ் முன்வைத்த எலக்ட்ரான் இரட்டைக் கருத்து தேவைப்பட்டது. நைட்ரஜனின் ஐந்து புறக்கூட்டு எலக்ட்ரான்களுள் மூன்று ஹைட்ரஜன்களுடன் பகிரப்பட, இரண்டு தனித்த இரட்டையாக எஞ்சுகின்றன. மூலக்கூறு தட்டையாக இராது, பிணைப்புக் கோணம் ஏறத்தாழ 107 பாகையாகக் கொண்ட பிரமிடு வடிவம் பெறுவதும், பிரீஸ்ட்லி கண்ட காரத்தன்மையும் அவ்விரட்டையாலேயே விளக்கம் பெறுகின்றன.