உயில்

(பெயர்ச்சொல்) தன் காலத்துக்குப் பின் தன் சொத்து யாருக்கு என்று ஒருவர் எழுதிவைக்கும் ஆவணம். ஆங்கில ‘வில்’ தமிழ் நாவில் ‘உயில்’ ஆயிற்று. மரண சாசனம், இறுதிமுறி என்றும் சொல்வதுண்டு.

முத்திரைத்தாளோ பதிவோ கட்டாயமில்லை. வெள்ளைத்தாளில் கைப்பட எழுதினாலும் செல்லும். ஆனால் இந்துக்களும் கிறித்தவர்களும் எழுதும் உயிலுக்கு, 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் 63ஆம் பிரிவின்படி, எழுதியவரின் கையொப்பமோ கைநாட்டோ வேண்டும். குறைந்தது இரண்டு சாட்சிகளும் கையெழுத்திட வேண்டும். சாட்சிக் கையெழுத்து இல்லையென்றால், எவ்வளவு தெளிவாக எழுதியிருந்தாலும் அது வெறும் கடிதம்தான்.

முஸ்லிம்களின் ‘வஸிய்யத்’ வாய்மொழியாகவும் செல்லும். ஆனால் வாரிசுகள் இசையாவிட்டால், கடனும் அடக்கச் செலவும் போக எஞ்சுவதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் செல்லாது.