தலைப்புக் கோப்புகளின் பிணக்கும் இணக்கமும்

கணனி நிரலொன்றைத் தொகுக்கும்போது தோன்றும் வழுக்கள் யாவும் அதனை எழுதியவரின் கவனக்குறைவால் விளைந்தவை எனக் கருதுதல் பொதுவழக்கு. ஆயின் அவற்றுட் சில, நிறுவனங்களின் பிரிவு விட்டுச் சென்ற வரலாற்றுத் தழும்புகளாகும். 'சி' மொழியின் வரலாறு இதற்குத் தக்க சான்று.

பெல் ஆய்வுகூடத்தில் டெனிஸ் றிச்சி உருவாக்கிய இம்மொழியில், 1973இல் யுனிக்ஸ் இயக்கமுறைமையின் கரு மீள எழுதப்பட்டது. நூலகத்திலுள்ள செயற்கூறுகளின் பெயரையும் இயல்பையும் நிரலுக்கு அறிவிப்பது தலைப்புக் கோப்பின் பணி. 1978இல் கேர்னிகனும் றிச்சியும் வெளியிட்ட நூல் மொழிக்கு இலக்கணமாயிற்று. நூலகத்துக்கோ யாவரையும் கட்டுப்படுத்தும் நியமம் எதுவும் அன்று இருக்கவில்லை.

அந்நிலையில் யுனிக்ஸ் கிளைத்தது. பேர்க்கிலியிலுள்ள கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தில் வளர்ந்தது ஒரு கிளை, ஏ.ரி. அன்ட் ரி. நிறுவனம் 1983இல் வெளியிட்ட 'சிஸ்டம் ஃபைவ்' மற்றொரு கிளை. எழுத்துத் தொடரொன்றினுள் ஓர் எழுத்தைத் தேடும் செயற்கூறு முன்னையதில் 'இன்டெக்ஸ்' எனவும், பின்னையதில் 'எஸ்.ரி.ஆர்.சி.எச்.ஆர்.' எனவும் வழங்கிற்று. அவற்றை அறிவிக்கும் கோப்புகளும் 'ஸ்ரிங்ஸ்', 'ஸ்ரிங்' என ஓரெழுத்தால் வேறுபட்டன. ஒரு கிளையில் எழுதிய நிரலை மறுகிளைக்குக் கொண்டுசென்றபோது, கோப்பைக் காணாது தொகுப்பி நின்றது. கோப்பின் பெயரைத் திருத்திய பின்னரும் செயற்கூற்றைக் காணாது இணைப்பி நின்றது.

இப்பிணக்கைத் தீர்க்க இரு வழிகள் எழுந்தன. ஒன்று நியமம்: 1983இல் அமைந்த அமெரிக்கக் குழுவின் உழைப்பால் 1989இல் தேசிய நியமமும், 1990இல் சர்வதேச நியமமும் பிறந்தன. 'ஸ்ரிங்' என்ற கோப்பே அவற்றில் இடம்பெற்றது. மற்றொன்று சோதனை: 1991இல் டேவிட் மக்கென்சி தொடக்கிய 'ஓட்டோகொன்ஃப்', சிறு நிரல்களைத் தொகுத்துப் பார்த்து, கணனியில் எவை உள்ளன என அறிந்துகொண்டது.

எனினும் பழைய மொழியின் ஒரு தாராளம் எஞ்சிநின்றது. அறிவிக்கப்படாத செயற்கூறு முழுவெண்ணையே திருப்பித் தரும் எனத் தொகுப்பி தானே ஊகித்துக்கொண்டது. முழுவெண்ணிலும் நினைவக முகவரி நீளமான கணனிகளில், அம்முகவரி வெட்டுண்டு நிரல் பிழைத்தது. 1999ஆம் ஆண்டின் நியமம் இவ்வூகத்தை நீக்கியது. ஆயினும் ஜி.சி.சி. தொகுப்பி நெடுங்காலம் எச்சரிக்கையோடு அமைந்து, 2024இல் வெளிவந்த 14ஆம் பதிப்பிலேயே அதனை வழுவாக்கிற்று. அதனாற் பல பழைய நிரல்கள் தொகுபடாது போயின. பழைய பாணியில் எழுதப்பட்ட சோதனை நிரல்களும் தோற்றமையால், உள்ள வசதியே இல்லையெனக் கணிக்கப்படும் விபரீதமும் நேர்ந்தது.

இங்கு, பழைய ஆக்கங்களைப் பேணும் கடமையும் பிழையை மறையாதிருக்கும் கடமையும் மோதுகின்றன. வழுவை அடக்கும் கட்டளை முதற்கடமையைச் சிலகாலம் காக்கும். உரிய தலைப்புக் கோப்பைச் சேர்க்கும் ஒரு வரித் திருத்தமோ இரண்டையும் காக்கும். உரத்து மறுக்கும் தொகுப்பியிலும், மௌனமாய் ஏற்றுக்கொள்ளும் தொகுப்பியே ஆபத்தானது என்பதே இவ்வரலாறு புகட்டும் பாடமாகும்.