ஏழைச் சிறுவன் சொன்ன விடை

கெண்டியிலே நீர் கொதிக்கிறது, மூடி துள்ளுகிறது. நாள்தோறும் நாம் காணும் காட்சி! ஏன் துள்ளுகிறது என்று கேட்டவர் எத்தனை பேர்? கேட்கும்படி பிள்ளைகளைப் பழக்கிய பள்ளிகள்தாம் எத்தனை? அத்தகைய பள்ளி ஒன்று, ஏறத்தாழ நூற்றெண்பது ஆண்டுகளுக்கு முன்பு, இங்கிலாந்து நாட்டுச் சிற்றூரொன்றில் இருந்தது. அது தழைத்த கதையைக் காட்டிலும், அதன் வழி அடைக்கப்பட்ட கதையே நாம் அறிய வேண்டியது. தோழர்களே, அதனைக் கூறுவோம்.

ஹாம்ப்சயர் மாவட்டத்தில் கிங்ஸ் சாம்பர்ன் என்று ஓர் ஊர். உழவர்களும் கூலியாட்களும் வாழ்ந்த ஊர். 1837-இல் ரிச்சர்டு டாஸ் என்பவர் அவ்வூர்த் தேவாலயத்துக்குப் பாதிரியாராக வந்தார். பாதிரியாரா என்று நம் தோழர்களின் புருவம் உயரக்கூடும், உயரட்டும்! கேம்பிரிட்ஜில் கணிதம் கற்பித்தவர் அவர். 1842-இல் அவர் திறந்த பள்ளியிலே கூலியாளின் மகனுக்கு வாரம் சில காசுகளே கட்டணம். வசதி படைத்தவன் மகனுக்குக் கூடுதல் கட்டணம். ஆனால் இருவருக்கும் பாடம் ஒன்றே! பிறப்புக்கொரு வரிசை, பணத்துக்கொரு வரிசை என்று வகுத்து வைத்திருந்த அந்நாட்டிலே இதுவே ஒரு புரட்சி.

அதனினும் பெரிது அவர் கற்பித்த முறை. மனப்பாடத்தைக் கொண்டு அவர் தொடங்கவில்லை; வீட்டையும் வயலையும் கொண்டு தொடங்கினார். அடுப்பு, மெழுகுவர்த்தி, நீர் இறைக்கும் குழாய், உழைப்பாளியின் கைக்கருவி, பலர் அடைந்து கிடக்கும் அறையின் காற்று — இவையே பாடங்கள். இரும்பும் மரமும் ஒரே அறையில் கிடந்தும், தொட்டால் இரும்பு மட்டும் ஏன் சில்லென்றிருக்கிறது? இப்படிக் கேட்பது, சிந்திக்க வைப்பது, செய்து காட்டுவது, பிள்ளை தன் சொல்லில் விளக்கும்வரை விடாமலிருப்பது. எளிய பொருள்களின் அறிவியல் என்று இதனைப் பேசலாயினர். பள்ளிகளைப் பார்வையிடும் அரசு ஆய்வாளராகிய ஹென்றி மோஸ்லி, தாமே இயற்பியல் பேராசிரியராக இருந்தவர், கிங்ஸ் சாம்பர்னைப் பாராட்டித் தம் அறிக்கைகளில் எழுதினார். பிற பள்ளிகளும் அவ்வழியை நாடின. ஏழையின் பிள்ளைக்கு அறிவியல் விளங்காது என்ற பழம்பேச்சுக்கு இடமில்லாமற் போயிற்று.

விளங்காது என்றிருந்தால் எவரும் அஞ்சியிருக்கமாட்டார். விளங்கிவிட்டதே, அதுதான் தொல்லை!

1860-இல் ராட்டஸ்லி பிரபு ஒரு நூல் வெளியிட்டார். இவர் வானியல் அறிஞர். 1854 முதல் 1858 வரை ராயல் சொசைட்டியின் தலைவராயிருந்தவர். அறிவியலின் பகைவரல்லர் என்பதைத் தோழர்கள் மனத்தில் இருத்த வேண்டும். ஏழைப் பிள்ளைகளின் வகுப்பொன்றிலே கேள்வி கேட்கப்பட்டபோது, கால் ஊனமுற்று, முதுகு கூனி, வறுமையால் வாடி வெளுத்த முகத்தோடு ஒரு சிறுவன் தாங்கித் தாங்கி முன்வந்து, தெளிவான விடை தந்ததை அந்நூலிலே விவரிக்கிறார். பிரபுவின் உள்ளம் வியந்தது. உடனே வெட்கமும் பட்டது! எதற்கு வெட்கம்? அச்சிறுவனின் முதுகை வளைத்த வறுமைக்கா? இல்லை. கீழ்நிலையில் உள்ளோர் மேல்நிலையில் உள்ளோரைவிட அதிகம் அறிந்திருப்பது சமுதாயத்துக்குக் கேடு என்று எழுதினார். மேலோரும் விரைந்து கற்க வேண்டும் என்பதே அவர் கண்ட மருந்து. கூனிய முதுகைப் பற்றிக் கவலை எழவில்லை. வரிசை குலைந்ததைப் பற்றியே கவலை!

ஈராண்டு சென்றது. 1862-இல், கல்விப் பொறுப்பை ஏற்றிருந்த ராபர்ட் லோ திருத்திய விதிகளை நடைமுறைக்குக் கொணர்ந்தார். படிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் ஒவ்வொரு பிள்ளையையும் ஆய்வாளர் தேர்வு செய்வார்; ஒன்றிலே தவறினால் பள்ளிக்குக் கிடைக்கும் மானியத்தில் 2 சில்லிங் 8 பென்ஸ் வெட்டு. ராட்டஸ்லியின் பேச்சைக் கேட்டு லோ இதனைச் செய்தார் என்று நாம் கூறவில்லை. கல்விச் செலவைக் குறைப்பது அரசின் வெளிப்படையான நோக்கம். அறிவியலைக் கற்பிக்காதே என்று எந்த விதியும் கூறவில்லை. கூற வேண்டிய தேவைதான் என்ன? ஆசிரியரின் பிழைப்பு மூன்று பாடங்களில் தொங்கும்போது, மெழுகுவர்த்தியைக் கொளுத்திக் காட்ட அவருக்கு நேரமேது? ஓசையின்றி மறைந்தது எளிய பொருள்களின் அறிவியல்.

அதே வேளையில் இன்னொன்றும் நடந்தது. சீமான்களின் பிள்ளைகள் பயிலும் ஒன்பது பெரும் பள்ளிகளை ஆராய்ந்த கிளாரண்டன் குழு, அங்கே இயற்கை அறிவியல் கற்பிக்கப்பட வேண்டும் என்று 1864-இல் பரிந்துரைத்தது. குடிசையிலிருந்து வெளியேறிய பாடத்துக்கு மாளிகையிலிருந்து அழைப்பு! 1867-இல் லோ தம் எண்ணத்தை மறைக்காமலே பேசினார்: மேலோரின் உயர்ந்த பண்பாட்டைக் கண்டு அதற்குப் பணியும் அளவுக்குக் கீழோர் கற்றால் போதுமாம்.

தேர்வுக்கேற்ப மானியம் அளக்கும் அம்முறை கடல் கடந்து சென்னை மாகாணத்துக்கும் வந்து, நம் திண்ணைப் பள்ளிகளையும் எட்டியது. இங்கிலாந்திலோ தொடக்கப் பள்ளி விதிகளில் அறிவியலுக்கு மீண்டும் இடம் கிடைக்க 1882 ஆயிற்று. டாஸ் 1867-இலேயே மறைந்துவிட்டார். அவரிடம் முதலிற் பயின்றோர் அதற்குள் நாற்பது வயதைக் கடந்திருப்பர். அவர்கள் பெற்ற பிள்ளைகள், கெண்டியின் மூடி ஏன் துள்ளுகிறது என்று எவரும் கேட்காத வகுப்பறைகளில் படித்து, கூலி வேலைக்குப் போய்விட்டிருப்பர்.