தோத்ராக்கியும் கிளிக்கியும்

'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரின் குதிரைவீரர்கள் பேசும் தோத்ராக்கியையும், 'பாகுபலி'யில் காலகேயர்கள் பேசும் கிளிக்கியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்க வேண்டும். இரண்டும் படைப்புக்காகவே செய்யப்பட்ட மொழிகள். ஒன்று 2011இல் தொலைக்காட்சிக்கு வந்தது, மற்றது 2015இல் திரைக்கு வந்தது.

தோத்ராக்கிக்கு மூலநூல் உண்டு. 1996இல் வெளியான ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் நாவலில் சில பெயர்களும் சொற்களும் மட்டும் சிதறிக் கிடந்தன. மொழி படைப்போர் சங்கத்தின் வழியே, தொடரைத் தயாரித்த எச்பிஓ நடத்திய தேர்வில் வென்ற டேவிட் பீட்டர்சன், அந்தச் சிதறல்களை மாற்றாமல் அவற்றுக்குள்ளிருந்தே இலக்கணத்தைக் கண்டெடுத்தார். பெயர்ச்சொற்களை உயிருள்ளவை, உயிரற்றவை என்று பிரித்தார், வேற்றுமைகள் வைத்தார். நலம் விசாரிக்கும்போது அவர்கள் கேட்பது, "நன்றாகச் சவாரி செய்கிறாயா?" என்றுதான். ஒரு கூட்டத்தின் வாழ்க்கை மொத்தமும் அந்த ஒரு கேள்வியில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. என் கணக்கில் பீட்டர்சனின் பெரிய சாதனை அதுதான்.

கிளிக்கியின் கதை வேறு. பாடலாசிரியர் மதன் கார்க்கி ஆஸ்திரேலியாவில் முனைவர் பட்டத்துக்குப் படித்த நாட்களில் குழந்தைகளோடு விளையாடுவதற்காக ஒரு மொழி செய்தார். பிறகு 'பாகுபலி' இயக்குநர் ராஜமௌலி கேட்டபோது அதுவே சுமார் 750 சொற்களும் 40 இலக்கண விதிகளுமாக வளர்ந்தது. 'மின்' என்றால் நான். திருப்பிப் போட்டால் 'நிம்', நீ. எதிர்ச்சொல் வேண்டுமென்றால் ஒலியைத் தலைகீழாக்கினால் போதும். நடுநடுவே நாக்கைச் சொடுக்கும் ஒலி. காலகேயர்களின் தலைவன் இங்கோஷியாக நடித்த பிரபாகர் அதைப் பேசும்போது அரங்கே மிரண்டது. படத்தை எந்த மொழியில் பார்த்தாலும் கிளிக்கி கிளிக்கியாகவே ஒலித்தது.

கற்க எளிது, கேட்கப் பயங்கரம்: கிளிக்கி அந்த இரண்டையும் சாதித்தது. ஆனால் காலகேயர் என்ன சாப்பிடுவார்கள், யாரைக் கொஞ்சுவார்கள் என்று நமக்குத் தெரிவதேயில்லை. அது கார்க்கியின் குறையல்ல, கதை அந்த மக்களைப் போர்க்களத்தைத் தாண்டி விடவில்லை. தோத்ராக்கியரும் மூர்க்கர்களாகத்தான் அறிமுகமாகிறார்கள். ஆனால் தொடரின் நாயகி டெனேரிஸ் அங்கே வாழ்க்கைப்பட்டுப் போகிறாள். நன்றி சொல்ல அந்த மொழியில் வார்த்தையே இல்லை என்று அறிகிறாள். தட்டுத்தடுமாறிப் பேசப் பழகுகிறாள். பார்ப்பவர்களும் அவள் பின்னாலேயே கற்கிறார்கள். 'பாகுபலி'யில் கிளிக்கியோடு குடித்தனம் நடத்த வரும் ஒருவர்கூட இல்லை. இரண்டுக்கும் உள்ள உண்மையான வேறுபாடு அங்கேதான், சொற்களின் எண்ணிக்கையில் அல்ல.

கூடி வாழ்வதில்தான் ஒரு மொழி உயிர்பெறுகிறது என்பதைத் திருவனந்தபுரம் வலியசாலையில் எளிதாக உணரலாம். தலைமுறைகளுக்கு முன் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் இங்குள்ள அக்கிரகாரத் தெருக்களில் வீட்டில் தமிழும் வெளியில் மலையாளமுமாக வாழ்கின்றன. மலையாள வினைச்சொல்லில் தமிழ் விகுதி ஒட்டிக்கொள்கிறது. காய்கறி பேரம் ஒரு மொழியில் தொடங்கி இன்னொன்றில் முடிகிறது. இந்தப் பேச்சுக்கு விதி எழுதியவர் யாருமில்லை. பக்கத்து வீட்டோடு பேசிப் பழகியதில் விளைந்தது. அதனால்தான் அதில் ஒழுங்கின்மையும் உண்டு, கிளிக்கியின் கண்ணாடிச் சீர்மை இருக்காது. பீட்டர்சன் இந்த ஒழுங்கின்மையைத் தெரிந்தே தன் மொழிக்குள் புகுத்தினார்.

குழந்தைகளிடம் பிறந்த கிளிக்கியைப் படத்தில் ஒரு காலகேயக் குழந்தை பேசி நாம் கேட்கவில்லை என்பது எனக்கு ஆற்றாமையாகவே இருக்கிறது. 2020 பிப்ரவரி 21, உலகத் தாய்மொழி நாளன்று, கார்க்கி அதற்கு எழுத்துருவும் கற்பதற்கு ஓர் இணையதளமும் கொடுத்தார். காலகேயர்களை மறுபடி திரைக்குக் கொண்டுவருபவர்கள் முதலில் ஒரு தாலாட்டை எழுதிவிட்டுப் போர்முழக்கத்துக்குப் போகட்டும்.