புகார் மனுவுக்கும் ஒரு வரலாறு உண்டு



தெருமுனையில் சாக்கடை அடைத்து நிற்கிறது. குடியிருப்புக்கு நடுவில் இருக்கும் பட்டறையிலிருந்து கண் எரிகிற புகை வருகிறது. ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் ஒலிபெருக்கி அலறுகிறது. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை காதைப் பொத்திக்கொள்கிறது. குழுக் கூட்டத்தில் இந்தப் பேச்சு வராத மாதமே கிடையாது. ஆனால் கடைசியில், "யார்கிட்ட போய்ச் சொல்றது? சொன்னா மட்டும் நடந்துடுமா?" என்று பெருமூச்சு விட்டு, சேமிப்புப் பணத்தை எண்ண ஆரம்பித்துவிடுகிறோம்.

சொன்னால் நடக்கும் என்பதற்கு வரலாறு சாட்சி சொல்கிறது. அதைத்தான் இந்த மலரில் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

வெள்ளைக்காரர் ஆட்சியில் 1860-இல் வந்தது இந்திய தண்டனைச் சட்டம். ஊர் மக்களுக்குப் பொதுவாகத் தீங்கு, ஆபத்து, தொந்தரவு தருவதைப் 'பொதுத் தொல்லை' என்று அது குற்றமாக்கியது. அதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஒருவர் செய்கிற காரியம் மட்டுமல்ல, சட்டப்படி செய்ய வேண்டியதைச் செய்யாமல் விடுவதும் தொல்லைதான். 'இதனால் சில பேருக்கு வசதியாக இருக்கிறதே' என்ற சாக்கையும் சட்டம் ஏற்காது. ஆனால் இதற்கு உரிய அபராதம் அதிகபட்சம் 200 ரூபாய்தான். அபராதத்தைக் கட்டிவிட்டுத் தொல்லையைத் தொடர்ந்தால் என்ன செய்வது?

அதற்கு இன்னொரு வழி இருந்தது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவு. 1898 சட்டத்திலும் இதே எண்தான், 1973-இல் வந்த சட்டத்திலும் இதே எண்தான். பொது வழியை மறிக்கும் தடை, உடம்புக்குக் கேடான தொழில், விழப்போகிற கட்டடம், வேலி இல்லாத கிணறு, ஆபத்தான மிருகம் ஆகியவற்றை அகற்றவும் சரிசெய்யவும் நிர்வாக நீதித்துறை நடுவர் உத்தரவு போடலாம். போலீஸ் அறிக்கைதான் வேண்டும் என்பதில்லை. வேறு வகையில் தகவல் கிடைத்தாலும் போதும். அதாவது நம்முடைய மனுவே போதும்.

இந்தப் பிரிவின் பலத்தை நாட்டுக்கே காட்டியவர்கள் மத்தியப் பிரதேசத்தில் இரத்லாம் என்ற ஊரின் மக்கள். அவர்கள் பகுதியில் திறந்த சாக்கடை, தேங்கிய குட்டை, கொசு, மலேரியா. பக்கத்துச் சாராய ஆலையின் கழிவு தெருவில் ஓடியது. கழிப்பறை இல்லாத ஏழை மக்கள் தெருவோரத்தையே நாட வேண்டிய நிலை. இதில் பெண்கள் பட்டிருக்கக்கூடிய பாட்டை நமக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

நகராட்சியால் பலன் இல்லை என்றானதும் அந்த மக்கள் 133-ஆம் பிரிவின் கீழ் கோட்ட நடுவரிடம் போனார்கள். அவர் விசாரித்து, புகார் உண்மை என்று கண்டு, ஆறு மாதத்துக்குள் திட்டம் போட்டு வேலையைச் செய்யும்படி நகராட்சிக்கு உத்தரவிட்டார். அமர்வு நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. உயர் நீதிமன்றம் மறுபடியும் நிலைநிறுத்தியது. நகராட்சி விடாமல் உச்ச நீதிமன்றத்துக்கே மேல்முறையீடு போனது. சொன்ன காரணம் நமக்கும் பழக்கமானதுதான்: "எங்களிடம் பணம் இல்லை." கூடவே, 'நிலைமை தெரிந்துதானே அங்கே குடிவந்தார்கள்' என்றும் வாதாடினார்கள்.

1980 ஜூலை 29-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. எழுதியவர் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர். பணம் இல்லை என்று சொல்லி, மனிதர் மானத்தோடு வாழத் தேவையான அடிப்படைக் கடமையை நகராட்சி தட்டிக்கழிக்க முடியாது என்று தீர்ப்பு உறுதியாகச் சொன்னது. ஆலைக் கழிவைத் தடுக்க வேண்டும். ஆறு மாதத்துக்குள் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பொதுக் கழிப்பறை கட்டித் தண்ணீர் வசதி தர வேண்டும். குட்டைகளை மூட வேண்டும் என்று உத்தரவானது. ஒரு தெருவின் புகார் நாட்டுக்கே வழிகாட்டும் தீர்ப்பாயிற்று.

இரண்டாவது கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. ஆந்திரத்தில் நெல்லூர் மாவட்டம், துபகுண்டா கிராமம். 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி வகுப்புக்குப் போன பெண்கள், பாடத்தில் வந்த சீதம்மாவின் கதையில் தங்கள் வீட்டுக் கதையையே கண்டார்கள். கூலிப் பணம் முழுக்கச் சாராயக் கடைக்குப் போகிறதே என்று பேச ஆரம்பித்தார்கள். ரோசம்மா போன்றவர்கள் முன்னால் நின்றார்கள். ஊர்க் கடை மூடியது. செய்தி ஊர் ஊராகப் பரவியது. 1992-இல் பெண்கள் திரண்டு வந்து எதிர்த்ததால் நெல்லூரில் சாராய ஏலம் பலமுறை தள்ளிப்போனது. 1993 ஏப்ரலில் அந்த மாவட்டத்திலும், அக்டோபர் 1 முதல் ஆந்திரம் முழுவதிலும் சாராயம் தடை செய்யப்பட்டது.

1995-இல் அங்கே முழு மதுவிலக்கே வந்தது. 1997-இல் அது பெருமளவு தளர்ந்தும் போனது. ஆகவே வெற்றி கிடைத்த பிறகும் கண்காணிப்பு வேண்டும் என்பது இதில் உள்ள பாடம். ஆனால் ஒன்று நிலைத்தது. சாராயத்துக்குப் போன காசைச் சேமிப்போம் என்று அந்தப் பெண்கள் நாளுக்கு ஒரு ரூபாய் சேர்க்கத் தொடங்கினார்கள். 'பொதுப்பு லட்சுமி' என்ற அந்தச் சேமிப்புக் குழுக்கள் நம் குழுக்களுக்கு அக்கா தங்கை முறைதான். நம் மாநிலத்தில் 1989-இல் தருமபுரியில் குழுக்கள் தொடங்கின. அங்கே புகாரிலிருந்து குழு பிறந்தது. இங்கே குழு இருக்கிறது, புகாரை எழுதுவதுதான் பாக்கி.

இப்போது சட்டத்தின் எண்கள் மாறிவிட்டன. 2024 ஜூலை 1 முதல் பழைய 133-ஆம் பிரிவு, புதிய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 152-ஆம் பிரிவு. பொதுத் தொல்லைக்கான அபராதம் 1,000 ரூபாய் வரை. நம் ஊரில் அந்த நடுவர் வேறு யாருமல்ல, கோட்டாட்சியர் என்கிற ஆர்.டி.ஓ.தான், சில இடங்களில் சார் ஆட்சியர். ஒலிபெருக்கிக்கு 2000-ஆம் ஆண்டு விதி இருக்கிறது: இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் பொதுவாக அனுமதி இல்லை. அந்த நேரத்து அவசரத்துக்கு 100 அல்லது 112. சாக்கடை, குப்பை என்றால் முதலில் ஊராட்சி அல்லது நகராட்சி. அசையவில்லை என்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாள், அல்லது முதல்வரின் உதவி எண் 1100.

வாயால் சொன்ன புகார் காற்றோடு போகும். எழுத்தில் கொடுங்கள். இடம், தேதி, நேரம், யாருக்கு என்ன பாதிப்பு என்பதைச் சுருக்கமாக எழுதுங்கள். தீர்மானப் புத்தகத்தில் பதிந்து, எல்லாரும் கையெழுத்துப் போட்டு, நகல் வைத்துக்கொண்டு, ஒப்புகை ரசீது வாங்காமல் வராதீர்கள். தனியாகப் போனால் 'இந்தம்மாவுக்கு வேற வேலை இல்லை' என்பார்கள், வீட்டு வாசலில் வந்து மிரட்டவும் செய்வார்கள். கூட்டமைப்பின் பெயரில் இருபது கையெழுத்தோடு போனால் யாரை மிரட்டுவது என்று அவர்களுக்கே தெரியாது. வங்கிக் கடனுக்கு ஒருவருக்கொருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போடுகிற நமக்கு, தெருவுக்காகப் போடுகிற கையெழுத்து கனமானதா என்ன?