நாடக மேடையிலிருந்து சட்டமன்றத்திற்கு: மதுரை கே.பி. ஜானகியம்மாளின் அரசியல் வாழ்வு

முன்னுரை

தமிழகத்தில் கலைக்கும் அரசியலுக்கும் இடையிலான உறவை ஆராய்வோர் பெரும்பாலும் திராவிட இயக்கத்தையும் திரைப்படத்தையுமே மையப்படுத்துகின்றனர். திரைப்படத்திற்கு முந்தைய இசைநாடக மேடையிலிருந்து பெண் கலைஞர் ஒருவர் இடதுசாரி இயக்கத்தின் வழியே சட்டமன்றம் சென்ற வரலாறு போதிய கவனம் பெறவில்லை. மதுரை கே.பி. ஜானகியம்மாளின் (1917–1992) வாழ்வை முன்வைத்து அவ்வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

மேடையும் தேசியமும்

சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தோற்றுவித்தார். அவர் வளர்த்த இசைநாடக மரபு மதுரையிலும் சுற்றுவட்டாரச் சிற்றூர்களிலும் வேரூன்றியது. புராணக் கதைகளுக்கு நடுவே தேசியப் பாடல்கள் ஒலித்தன. 'வள்ளி திருமணம்' நாடகத்தில் தினைப்புனத்துப் பறவைகளை விரட்டும் காட்சி, வெள்ளையரை விரட்டும் குறிப்பாக மாறியது. இவ்வாறு பாடியமைக்காக எஸ்.எஸ். விசுவநாததாஸ் பலமுறை சிறை சென்றார். அவரது சாதியைக் காரணம் காட்டி நடிகையர் சிலர் அவருடன் நடிக்க மறுத்தபோது ஜானகியம்மாள் இணைந்து நடித்தார் என்று அவரைப் பற்றிய வரலாறுகள் கூறுகின்றன. நடிகையரையே சமூகம் இழிவாக நோக்கிய காலத்தில் இது துணிவுமிக்க நிலைப்பாடாகும்.

குரலே மூலதனம்

ஆர்மோனியக் கலைஞர் குருசாமியை மணந்த ஜானகியம்மாள், காங்கிரசிலும் பின்னர் காங்கிரஸ் சோசலிஸ்டுகளுடனும் பணியாற்றிப் பொதுவுடைமைக் கட்சியை அடைந்தார். இரண்டாம் உலகப்போரின்போது போர் எதிர்ப்புப் பரப்புரைக்காகச் சிறைப்பட்டார். கூட்டங்களில் முதலில் பாடி, பின்னர் பேசுவது அவர் முறை. எழுத்தறிவு பரவாத காலத்தில் ஆலைத் தொழிலாளரையும் உழவரையும் எட்டுவதற்குத் துண்டறிக்கையைவிடப் பழகிய மெட்டே வலிய கருவியாயிற்று. மேடையில் ஈட்டிய பொருளையும் நகைகளையும் அவர் இயக்கத்திற்கே அளித்தார்.

1967 தேர்தல்

1964-இல் கட்சி பிளவுற்றபின் அவர் மார்க்சிஸ்ட் கட்சியில் நின்றார். தி.மு.க. ஆட்சியைப் பிடித்த 1967 தேர்தலில் அதன் கூட்டணிக் கட்சியின் வேட்பாளராக மதுரை கிழக்கில் வென்றார். மதுரை மேற்கில் என். சங்கரய்யாவும், மதுரை மக்களவைத் தொகுதியில் பி. இராமமூர்த்தியும் அதே கட்சியின் சார்பில் வென்றனர்.

மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் நடிப்புப் பயின்ற எம்.ஜி.ஆர்., பரங்கிமலையிலிருந்து அதே சட்டமன்றத்திற்கு வந்தார் என்பது ஒப்புநோக்கத்தக்கது. இருவருக்கும் தொடக்கம் நாடக மேடையே. ஒருவரைத் திரைப்படம் மாநிலம் முழுவதற்கும் கொண்டுசென்றது. மற்றவருக்கு நேரடிக் களப்பணியே வாக்காளருடனான பிணைப்பாயிற்று. 1970-களில் பாப்பா உமாநாத் முதலியோருடன் இணைந்து ஜனநாயக மாதர் சங்கத்தைக் கட்டியமைத்ததில் அக்களப்பணி தொடர்ந்தது.

முடிவுரை

ஜானகியம்மாளின் பணியில் பெரும்பகுதி பாட்டும் பேச்சுமாகும். அவை நிகழ்ந்த இடத்திலேயே கரைந்தன. சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகளை மட்டும் நம்பினால் அரை நூற்றாண்டுப் பொதுவாழ்வு ஒரு சட்டமன்றக் காலமாகச் சுருங்கிவிடும். நாடக வரலாறு அவரை நடிகையாகவும், கட்சி வரலாறு தியாகியாகவும், பெண்கள் இயக்க வரலாறு முன்னோடியாகவும் தனித்தனியே நினைவுகூர்கின்றன. இம்மூன்றையும் வாய்மொழி வழக்காறுகளுடன் சேர்த்து வாசிக்கும்போதுதான், தமிழக அரசியலில் மேடைக்கலையின் பங்கு ஒரே இயக்கத்திற்கு உரியதன்று என்பது புலனாகும். அவர் குரலைக் கேட்டவர்களின் தலைமுறை மறைந்துவருவதால் இப்பணி காலந்தாழ்த்தத்தக்கதன்று.