வரிசை வகைகளை முன்கணிக்கும் முடிவு மரங்கள்: ஒரு வரலாறு

சில விடைகள் எண்களும் அல்ல, வெறும் பெயர்களும் அல்ல. ஒரு நோயின் நிலையை இலேசானது, நடுத்தரமானது, கடுமையானது என்று குறிக்கிறோம். இவற்றுக்கு ஏறுவரிசை உண்டு. ஆனால் படிகளுக்கு இடையே உள்ள தூரம் சமம் என்று சொல்ல முடியாது. 1946இல் அமெரிக்க உளவியலாளர் எஸ். எஸ். ஸ்டீவன்ஸ் அளவீடுகளை நான்காகப் பகுத்தபோது, இத்தகையவற்றை வரிசை அளவு எனத் தனியே வைத்தார்.

முடிவு மரம் என்பது அடுத்தடுத்துக் கேள்விகள் கேட்டுத் தரவைக் கிளைகளாகப் பிரிக்கும் முறை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மார்கன், சோங்குவிஸ்ட் இருவரும் 1963இல் கருத்தாய்வுத் தரவுகளுக்காக வெளியிட்ட முறை இதன் முன்னோடி. பின்னர் வந்த மரங்கள் பெரும்பாலும் இரண்டு வகையின: எண்ணைக் கணிப்பவை, பெயரைக் கணிப்பவை. வரிசை வகைகள் இரண்டிலும் சரியாகப் பொருந்தவில்லை. அவற்றைப் பெயர்களாகக் கொண்டால், கடுமையான நோயை 'நடுத்தரம்' என்பதும் 'இலேசு' என்பதும் ஒரே அளவு தவறாகிவிடும். நோயாளிக்கோ இரண்டும் ஒன்றல்ல. 1, 2, 3 என எண்களாக்கினால், இல்லாத சம இடைவெளியைப் புகுத்தியவர்களாவோம்.

பிரைமன், ஃபிரீட்மன், ஓல்ஷென், ஸ்டோன் ஆகிய நால்வர் 1984இல் வெளியிட்ட நூல், வகைகளைக் குழுவாக்கும்போது அடுத்தடுத்துள்ளவற்றையே சேர்க்கும் ஒரு பிரிப்பு விதியைத் தந்தது.

2001இல் நியூசிலாந்தின் வைக்காட்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபிராங்க், ஹால் இருவரும் எளிய வழி ஒன்றைக் காட்டினர். மூன்று நிலைகள் இருந்தால் இரண்டு மரங்கள் போதும். 'இலேசு நிலையைத் தாண்டியதா?' என்பது முதல் மரத்தின் கேள்வி, 'நடுத்தரத்தைத் தாண்டியதா?' என்பது இரண்டாவதன் கேள்வி. முதலாவது 0.7 என்றும் இரண்டாவது 0.2 என்றும் நிகழ்தகவு தந்தால், இலேசுக்கு 0.3, நடுத்தரத்துக்கு 0.5, கடுமைக்கு 0.2 எனக் கழித்துப் பெறலாம். ஆயினும் மரங்கள் தனித்தனியே கற்பதால், சில வேளை இரண்டாவது விடை முதலாவதைவிடப் பெரிதாகி முரண்படக்கூடும்.

2020இல் ரோமன் ஹோர்னுங் வெளியிட்ட 'வரிசைக் காடு' முறை பல மரங்களைச் சேர்த்துக் கணிக்கிறது. படிகளுக்குரிய எண்களை முன்கூட்டியே 1, 2, 3 என வைக்காமல், தரவிலிருந்தே தேடிக்கொள்கிறது.

கணிப்பைப் போலவே மதிப்பீட்டிலும் வரிசை முக்கியம். எத்தனை சரி என்று மட்டும் எண்ணினால், ஒரு படி தவறியதும் இரண்டு படி தவறியதும் ஒன்றாகவே தெரியும். ஜேக்கப் கோஹன் 1968இல் தந்த எடையிட்ட கப்பா அளவையில், தொலைவான தவறுக்குக் கூடுதல் எடை தர முடியும். எவ்வளவு தவறு என்று கேட்காத அளவைக்கு வரிசை இருப்பதே தெரியாது.